1,400 மீட்டர் ஆழம், பி-மதிப்பு 1.44: "அதிர்வு அபாயம் குறைவு" என்று எழுதிக் கொடுக்கலாமா?

கீழ்த்தளம்:

வணக்கம். ஒரு தங்கச் சுரங்கத்தின் ஜியோடெக் (பாறையின் உறுதியைப் பார்க்கும்) பிரிவில் இருக்கிறேன். இப்போது 1,250 மீட்டர் தளத்திலிருந்து 1,400 மீட்டர் வரை வேலை நடக்கிறது. கிட்டத்தட்ட செங்குத்தான குவார்ட்ஸ் நாளம். லாங்ஹோல் முறையில் (நீளத் துளை போட்டு வெடித்து) ஸ்டோப் ஸ்டோப்பாக (தாது எடுக்கும் அறை அறையாக) எடுத்து, சிமெண்ட் கலந்த பேஸ்ட்டால் நிரப்பிக்கொண்டு போகிறோம். நாளத்தை ஒரு டோலரைட் டைக் (சுவர் போல ஊடுருவி நிற்கும் தீப்பாறை) குறுக்கே வெட்டுகிறது. டைக்கின் கிழக்கு விளிம்பை ஒட்டியே ஒரு ஃபால்ட் (பாறை வழுக்கக்கூடிய பிளவுத்தளம்) ஓடுகிறது. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் டைக்கை நோக்கி எடுத்துக்கொண்டே வந்ததில், நடுவில் தூண் மாதிரி ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது. அடுத்த காலாண்டுத் திட்டத்தில் அதையும் எடுப்பதாக இருக்கிறது.

அதற்கு முன்னால் நில அதிர்வு அபாய மதிப்பீடு எழுதித் தர வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஜியோபோன் (பாறை அதிர்வை உணரும் சென்சர்) வலையமைப்பு உண்டு, ஓராண்டு கேட்டலாக் (பதிவான அதிர்வுகளின் பட்டியல்) கையில் இருக்கிறது. மேக்னிட்யூட் −1.0-க்கு மேல் எதுவும் தவறவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. அந்த வரம்புக்கு மேலே 4,000 நிகழ்வுகள். மேக்னிட்யூட் ஏற ஏற அதிர்வுகளின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று காட்டும் குட்டன்பர்க்-ரிக்டர் கோடு போட்டால், அதன் சரிவான பி-மதிப்பு 1.44 வருகிறது (அது கூடினால் பெரிய அதிர்வுகள் அரிது). கோட்டை நீட்டினால் 2.0-க்கு மேலான அதிர்வு ஆண்டுக்கு 0.2, அதாவது ஐந்தாண்டுக்கு ஒன்று. 3.0-க்கு மேல் என்றால் நூறாண்டுக்கும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். "பி ஒன்றுக்கு மேலே இருக்கிறதே, அபாயம் குறைவு என்று எழுதி முடியுங்கள்" என்கிறார் மேலாளர்.

எனக்கு இடிப்பது இதுதான். அதே ஓராண்டுக்குள் 2.1 ஒன்றும் 2.3 ஒன்றும் வந்திருக்கின்றன, இரண்டும் டைக் பக்கம். ஐந்தாண்டுக்கு ஒன்று என்கிற விகிதம் உண்மையானால், ஒரே ஆண்டில் இரண்டு வருவதற்கான வாய்ப்பு பாய்சான் கணக்கில் 2 சதவீதத்துக்கும் கீழே. தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனால் கோடு அழகாகப் பொருந்துகிறது, அதை எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் எங்கே பார்க்க வேண்டும்? இன்னொன்று: பெரிய அதிர்வு எப்போது வரும் என்பதை முன்கூட்டிக் காட்டும் அளவுகோல் ஏதாவது உண்டா? மேலாளர் அதையும் கேட்கிறார்.

நைட்ஷிஃப்ட்:

நான் கணக்குப் போடுகிற ஆள் இல்லை, ஷிஃப்ட் பொறுப்பாளர். எனக்கு ஒரே கேள்வி. அந்த 2.1-ம் 2.3-ம் எத்தனை மணிக்கு வந்தன? பிளாஸ்ட் (வெடி வைப்பது) முடிந்து, ஆட்களை உள்ளே விடாமல் காத்திருக்கும் நேரத்திலா, அல்லது எல்லோரும் கீழே இருக்கும்போதா?

முகப்பில் (வேலை நடக்கும் பாறைச் சுவரில்) படபடவென்று பாறை தெறிக்கும் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது. பிளாஸ்டுக்கு அப்புறம் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கேயோ தூரத்தில் தொம் என்று ஒன்று அடித்து, காலடியில் தரை தூக்கிப்போட்டு, கூரையிலிருந்து தூசி கொட்டும் பாருங்கள், அது வேறு ஜாதி. அதற்கு எந்தக் கடிகாரமும் கிடையாது.

கீழ்த்தளம்:

இப்போதுதான் பார்த்தேன். 2.1 வந்தது, கடைசி பிளாஸ்ட் முடிந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு. 2.3 வந்த அன்று பிளாஸ்டே இல்லை.

பாறைச்செவி:

நைட்ஷிஃப்ட் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டார். மீதியை நான் எழுதுகிறேன். சுரங்க அதிர்வுத் தரவோடுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேலாளரின் கணக்கில் பிழை இல்லை. கேட்டலாக்தான் ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் கலந்து ஒரே கோடு போட்டிருக்கிறீர்கள்.

ஸ்டோப்பைத் திறந்ததும் அதைச் சுற்றி அழுத்தம் இடம் மாறுகிறது. 1,400 மீட்டரில் மேலே இருக்கும் பாறையின் எடை மட்டுமே ஏறக்குறைய 38 மெகாபாஸ்கல். மீட்டருக்கு 0.027 என்று பெருக்கினால் வந்துவிடும். பல இடங்களில் கிடைமட்ட அழுத்தம் இதைவிடக் கூடுதல். திறந்த வெளியின் விளிம்பில் இது இன்னும் குவிகிறது. அங்கே பாறை சின்னச் சின்னதாக நொறுங்குகிறது. இந்த வகை நிகழ்வுகள் பிளாஸ்டை ஒட்டிக் கூட்டமாக வரும், பின்னதிர்வுகளுக்கான ஓமோரி விதிப்படி வேகமாகக் குறையும், முகப்பிலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே இருக்கும். பெரிதாக வளர அங்கே இடமில்லை. அதனால் இவற்றின் பி-மதிப்பு உயரமாக இருக்கும்.

இன்னொரு வகை, ஏற்கெனவே இருக்கிற ஃபால்ட்டோ டைக்கின் விளிம்போ வழுக்குவது. நீங்கள் ஸ்டோப்புகளைத் திறந்ததால் அதை இறுக்கிப் பிடித்திருந்த குறுக்கு அழுத்தம் குறைகிறது, உராய்வு தோற்கிறது. எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக வளர இடம் இருக்கிறது. பி-மதிப்பு தாழ்வு. பிளாஸ்ட் நேரத்தோடு உறவு பலவீனம். தென்னாப்பிரிக்க ஆழத் தங்கச் சுரங்கங்களின் தரவில் இந்த இரண்டு கூட்டங்களையும் ரிச்சர்ட்சனும் ஜோர்டனும் 2002-இல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டையும் கலந்து கோடு போட்டால், எண்ணிக்கையில் பெருத்த முதல் கூட்டம்தான் கோட்டின் சரிவைத் தீர்மானிக்கும். கொசுக்கடியையும் பாம்புக்கடியையும் ஒரே பதிவேட்டில் எழுதிவிட்டு, இங்கே கடிகள் பெரும்பாலும் லேசானவை என்று முடிவுகட்டுவது போலத்தான் இது. கோடு அழகாகப் பொருந்துவதிலும் வியப்பில்லை: பொருத்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு 4,000 புள்ளிகளில் கடைசிப் பத்து ஒரு பொருட்டே இல்லை. வரைபடத்தின் வலது ஓரத்தைக் கண்ணால் பாருங்கள். 1.0-க்கு மேலே புள்ளிகள் கோட்டைவிட்டு மேலே விலகி நிற்கும் என்று நினைக்கிறேன்.

சரி, பிரிப்பது எப்படி?

இடத்தை வைத்துத்தான் முதலில். அதற்கு முன், உங்கள் கேட்டலாக் சொல்கிற இடத்தை நம்பலாமா என்று சோதியுங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. எங்கே, எந்த நொடியில் வெடித்தது என்று தெரிந்த பிளாஸ்ட் அல்லது ஒற்றைத் துளை வெடிப்பு ஒன்றை எடுத்து, அதை உங்கள் அமைப்பு எங்கே வைக்கிறது என்று பாருங்கள். 10, 15 மீட்டர் தள்ளி வைத்தால் பரவாயில்லை. 50 மீட்டர் தள்ளினால் எது ஃபால்ட்டில் நடந்தது, எது ஸ்டோப் விளிம்பில் நடந்தது என்று பிரிப்பது வெறும் ஆரூடம்.

ஜியோபோன்கள் எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் ஃபுட்வால் டிரைவ்களிலேயே (நாளத்துக்குக் கீழ்ப்பக்கப் பாறையில் போகும் சுரங்கப் பாதைகளில்) வைத்திருப்பார்கள், போக வசதியான இடம் அது. அப்படியானால் சென்சர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் நிற்கின்றன. அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் இருப்பிடம் குத்துமதிப்புதான். இன்னொரு தொல்லை காலி ஸ்டோப்புகள். அலை வெற்றிடத்துக்குள் போகாது, சுற்றிக்கொண்டு போகும். பி அலை (முதலில் வந்து சேரும் அதிர்வலை, பி-மதிப்போடு தொடர்பில்லை) கெட்டிப் பாறையில் நொடிக்கு 6,000 மீட்டர் போகிறது என்று வைத்தால், 30 மீட்டர் சுற்று வழிக்கு 5 மில்லிவிநாடி தாமதம். நேர்கோட்டுப் பாதை என்று நம்பியிருக்கும் மென்பொருள் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எடுத்துக்கொண்டு, நிகழ்வை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும். பேஸ்ட் நிரப்பிய இடம் வெற்றிடம் இல்லைதான், ஆனால் அலை வேகம் அங்கே வெகுவாகக் குறையும். அதையும் மாடலில் சேர்க்க வேண்டும்.

இருப்பிடம் தேறிவிட்டதா, டைக்கையும் ஃபால்ட்டையும் சேர்த்து ஒரு கனவடிவப் பெட்டி, ஸ்டோப்புகளைச் சுற்றித் தனிப் பெட்டி என்று வெட்டுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கான எண்ணிக்கைப் படம் வரையுங்கள். ஸ்டோப் பெட்டியில் பிளாஸ்ட் நேரத்தை ஒட்டி ஒரு கோபுரம் நிற்கும். ஃபால்ட் பெட்டியில் படம் தட்டையாக இருந்தால் பிரிப்பு சரி. அடுத்து, எஸ் அலை (அடுத்து வரும் குறுக்கலை) ஆற்றலுக்கும் பி அலை ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். வழுக்கல் நிகழ்வுகளில் இது பெரும்பாலும் 10-ஐத் தாண்டும், நொறுங்கல் வகையில் 3-க்குக் கீழேயும் இறங்கும். தனித்தனி நிகழ்வுக்கு இதை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். பெட்டி முழுவதற்குமான பரவலைப் பாருங்கள்.

−1.0 என்று மென்பொருள் சொன்ன முழுமை வரம்பையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். அந்த வரம்பு சுரங்கம் முழுவதற்கும் ஒன்றாக இருக்காது. சென்சர் நெருக்கமான மேற்கில் −1.3 ஆக இருக்கலாம், கிழக்கில் −0.6 ஆக இருக்கலாம். நடுவில் ஏதாவது ஒரு மாதத்தில் புதிய ஜியோபோன் போட்டார்களா என்றும் விசாரியுங்கள். போட்ட அன்றிலிருந்து சின்ன நிகழ்வுகள் திடீரென்று கூடியிருக்கும், பாறைக்கு எதுவும் ஆகியிருக்காது. மேக்னிட்யூட்டின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். மொமென்ட் மேக்னிட்யூட், உள்ளூர் மேக்னிட்யூட், கனடாவில் புழங்கும் நட்லி மேக்னிட்யூட் எல்லாம் ஒரே அதிர்வுக்கு வெவ்வேறு எண் தருபவை. கலந்துவிட்டால் பி-மதிப்பே கெட்டுவிடும்.

எப்போது வரும் என்ற கேள்விக்கு: தெரியாது என்றே எழுதுங்கள். எனர்ஜி இண்டெக்ஸ் (அதே அளவு அதிர்வுகளின் சராசரியோடு ஒப்பிட வெளிப்படும் ஆற்றல்) சரிந்து, கூட்டு அப்பேரன்ட் வால்யூம் (அதிர்வில் உருக்குலைந்த பாறையின் மொத்தக் கன அளவு) ஏறினால் பாறை இளகுகிறது என்று பொருள்கொள்ளும் பழக்கம் உண்டு. 1990-களிலிருந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த முறை அது. நானும் பார்க்கிறேன். ஒரு பகுதியைக் கூடுதல் கவனத்தில் வைக்க உதவும், சில நேரம் ஆட்களை வெளியே எடுக்கவும் உதவும். ஆனால் அறிகுறி காட்டிவிட்டு ஒன்றும் நடக்காத நாள்கள் ஏராளம். ஒரு அறிகுறியும் காட்டாமல் வந்த பெரிய அதிர்வுகளும் உண்டு. அதை எச்சரிக்கை மணியாக எழுதிக் கொடுத்தால், மணி அடிக்காத நாளெல்லாம் பாதுகாப்பான நாள் என்று யாராவது வாசிப்பார்கள். வேறொரு இடத்தில் அப்படி வாசிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிரித்துப் போட்டுவிட்டு எண்களோடு வாருங்கள்.

வலையும்போல்ட்டும்:

சப்போர்ட் (பாறையைப் பிடித்து நிறுத்தும் போல்ட், வலை) டிசைன் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. மேக்னிட்யூட்டை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

2006 ஏப்ரல் 25 அன்று டாஸ்மேனியாவின் பீக்கன்ஸ்ஃபீல்டில் நடந்த அதிர்வு 2-ஐக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். ஆழமும் ஒரு கிலோமீட்டருக்குள். ஒருவர் இறந்தார், இருவர் இரண்டு வாரம் உள்ளே சிக்கி மீட்கப்பட்டார்கள். 2020 மே 18 அன்று சுவீடனின் கிருனாவில் வந்தது உள்ளூர் அளவில் 4.9. சுரங்கத்துக்குப் பெரிய சேதம், ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. 2025 ஜூலை 31 அன்று சிலியின் எல் தெனியென்டேயில் 4.2, ஆறு பேர் போய்விட்டார்கள். இந்த மூன்றையும் மேக்னிட்யூட் வரிசையில் அடுக்கினால் உயிரிழப்பு வரிசையோடு ஒத்துவராது. அதிர்வு எங்கே, அப்போது யார் எங்கே நின்றார்கள், அவர்கள் தலைக்கு மேலே என்ன பிடித்திருந்தது, இதுதான் விஷயம்.

உங்கள் டைக்கை வெட்டிப்போகும் டிரைவ்களின் சப்போர்ட் எதற்காகப் போடப்பட்டது என்று பழைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாறையின் சொந்த எடையைத் தாங்கத்தான் என்றால் அது அதிர்வுக்குப் போதாது. மனக்கணக்காகவே போடலாம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தடிமனுக்குப் பாறை கழன்று, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளப்படுகிறது என்று வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் ராக்பர்ஸ்ட் (பாறை வெடித்துச் சிதறுவது) சப்போர்ட்டுக்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் வேகம் அது. சதுர மீட்டருக்கு 2.7 டன், ஆகவே 12 கிலோஜூல். அதே பாறை கூரையிலிருந்து இறங்கி, 20 சென்டிமீட்டரில் அதை நிறுத்த வேண்டுமென்றால் புவியீர்ப்பு இன்னொரு 5 சேர்க்கும். சதுர மீட்டருக்கு 17 கிலோஜூலுக்கு மேல் விழுங்க வேண்டும். முழுநீளமும் சிமெண்டில் இறுகிய சாதாரண ரீபார் போல்ட் இவ்வளவு நீளாது, வெடிப்பு விழுந்த இடத்தில் பட்டென்று அறுந்துவிடும். நீண்டு கொடுக்கும் போல்ட் வேண்டும். அதைப் போட்டுவிட்டு மெஷ்ஷையும் தட்டையும் பழைய தரத்திலேயே விட்டால் பயனில்லை. போல்ட் சுவரில் நிற்கும், பாறை வலையைக் கிழித்துக்கொண்டு டிரைவுக்குள் வந்து கிடக்கும். நான் போய்ப் பார்த்த சேதங்களில் முதலில் தோற்றது பெரும்பாலும் மெஷ் ஒன்றோடொன்று சேரும் இடம்தான்.

அலை சுவரைத் தொடும்போது, உள்ளே கெட்டிப் பாறையில் இருந்த வேகம் பல மடங்காகும், குறிப்பாக ஏற்கெனவே வெடிப்பு விழுந்த சுவரில். ஆகவே ஜியோபோன் சொல்லும் துகள் வேகத்தை அப்படியே டிசைனுக்கு எடுக்காதீர்கள்.

கீழ்த்தளம்:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

மேற்கில் தெரிந்த இடத்து வெடிப்புகளை அமைப்பு 12 மீட்டர் அளவில் சரியாக வைக்கிறது. டைக்குக்குக் கிழக்கே 35 மீட்டர் வரை தள்ளுகிறது. சென்சர்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஃபுட்வாலில்தான் இருக்கின்றன, பாறைச்செவி கண்ணால் பார்த்தது போலச் சொன்னார். கிழக்கில் நம்பிக்கை குறைவு என்பதால் பெட்டியைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டினேன். −1.0 வரம்பு இரண்டு பெட்டிக்கும் தாங்குகிறது.

ஸ்டோப் பெட்டியில் 3,800 நிகழ்வுகள், பி-மதிப்பு 1.5. டைக்-ஃபால்ட் பெட்டியில் 200 மட்டுமே, பி-மதிப்பு 0.8. மணி நேரப் படத்தில் ஸ்டோப் பெட்டிக்குக் கோபுரம் நிற்கிறது, ஃபால்ட் பெட்டி தட்டை.

இப்போது 2.0-க்கு மேல்: ஸ்டோப் பெட்டியிலிருந்து ஆண்டுக்கு 0.12, ஃபால்ட் பெட்டியிலிருந்து 0.8. கூட்டினால் 0.92. கலந்து போட்டபோது வந்தது 0.2. ஏறக்குறைய ஐந்து மடங்கு! ஓராண்டில் குறைந்தது ஒன்று வரும் வாய்ப்பு 18 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குப் போகிறது. 3.0-க்கு மேல் எட்டாண்டுக்கு ஒன்று என்கிறது. இதைப் பார்த்துவிட்டு மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "200 நிகழ்வை வைத்துக்கொண்டு 3.0 பற்றிப் பேசலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்ன பதில் சொல்வது?

காத்திருப்பு நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதுமா என்றும் கேட்கிறார்.

நைட்ஷிஃப்ட்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். போதாது. தட்டையான படத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்து என்ன? ஸ்டோப் முகப்புக்கு அது சரி. டைக் பக்கம் வேலை செய்பவனுக்கு ஒன்றும் மாறாது, ஷிஃப்ட் நேரம்தான் குறையும். போனஸ் போச்சு என்று என்னிடம்தான் வந்து கத்துவார்கள்.

பாறைச்செவி:

அதேதான். காத்திருப்பு நேரம் முதல் கூட்டத்துக்கான மருந்து. இரண்டாவது கூட்டத்துக்கு, அந்த இடத்தில் ஆள் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி: லோடரைத் தொலைவிலிருந்து ஓட்டுவது, டைக்கை வெட்டும் டிரைவ்களில் தேவையில்லாத நடமாட்டத்தை நிறுத்துவது, பம்ப், மின்பெட்டி போன்றவற்றை அங்கிருந்து இடம் மாற்றுவது. ஆள் அடிக்கடி போவது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

200 நிகழ்வு பற்றி மேலாளர் கேட்டது நல்ல கேள்வி. பி-மதிப்பின் பிழை, தோராயமாக பி-யை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. உங்களுக்கு 0.057. இரு பக்கமும் இரண்டு மடங்கு விட்டால் 0.7 முதல் 0.9 வரை. 0.7 என்றால் 2.0-க்கு மேல் ஆண்டுக்கு 1.6, 0.9 என்றால் 0.4. இந்த வீச்சை அப்படியே எழுதுங்கள். தாழ்ந்த முனைகூட உங்கள் பழைய எண்ணைப் போல இரண்டு மடங்கு.

3.0-க்கு மேல் கோட்டை நீட்டுவதற்கு முன்னால், அவ்வளவு பெரிய அதிர்வுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ட்ரெஸ் டிராப் (வழுக்கும்போது விடுபடும் அழுத்தம்) 2 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 2.0 அதிர்வுக்கு ஏறக்குறைய 65 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வழுக்க வேண்டும், சராசரியாக 3 மில்லிமீட்டர். 3.0-க்கு ஆரம் 200 மீட்டர், வழுக்கல் ஒரு சென்டிமீட்டர். உங்கள் ஃபால்ட்டில் 400 மீட்டர் அகலத்துக்கு வழுக்கத் தயாரான பரப்பு இருக்கிறதா? கணினி மாடலில் ஃபால்ட் தளத்தின் மேல் வெட்டு அழுத்தத்திலிருந்து உராய்வு வலிமையைக் கழித்துப் பாருங்கள். எக்ஸஸ் ஷியர் ஸ்ட்ரெஸ் என்று தென்னாப்பிரிக்காவில் 1980-களில் ரைடர் முன்வைத்த அளவு அது. மிச்சம் நேர்மறையாக வரும் பரப்பு எவ்வளவு என்று தெரிந்தால் உச்ச மேக்னிட்யூட்டுக்கு ஒரு பௌதிக வரம்பு கிடைக்கும். ஃபால்ட் சுரங்கத்துக்கு வெளியேயும் ஓடினால் வரம்பைத் தாராளமாக வையுங்கள். 2005 மார்ச் 9 அன்று ஸ்டில்ஃபோன்டைனில் வந்தது 5.3. பல கிலோமீட்டருக்குப் பரந்த பழைய சுரங்கப் பகுதி அது. உங்களுடையதோடு ஒப்பிட முடியாதுதான், ஆனால் சுரங்க அதிர்வு 3-க்கு மேல் போகாது என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு ஆகும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இந்த 0.92 கடந்த ஓராண்டின் விகிதம். கடந்த ஆண்டில் தூண் நின்றுகொண்டிருந்தது. அடுத்த காலாண்டில் அதை எடுக்கப் போகிறீர்கள். அதிர்வு நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை, எடுத்த பாறையைப் பார்த்து வருகிறது. சுரங்கத்தில் மூடிக்கொள்ளும் கன அளவுக்கும் அதிர்வுகளின் மொத்த மொமென்டுக்கும் (வழுக்கிய பரப்பும் தூரமும் சேர்ந்த அளவு) நேர் உறவு உண்டு என்று மெக்கார் 1976-லேயே காட்டினார். ஆண்டுக்கு எத்தனை என்பதை விட்டுவிட்டு, எடுத்த ஆயிரம் கனமீட்டருக்கு எத்தனை என்று மாற்றிப் போடுங்கள். அதிலும் தூண் எடுக்கும்போது விகிதம் மாறாது என்று நம்ப முடியாது. தூண் ஒல்லியாக ஒல்லியாக மிச்சத்தின் மேல் அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் தூண் நொறுங்கும். அது இளகி நொறுங்குமா, வெடித்து நொறுங்குமா என்பது சுற்றியுள்ள பாறை எவ்வளவு ஆற்றலை அதற்குள் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. டோலரைட் தூணில் நான் நல்லதை எதிர்பார்க்க மாட்டேன்.

இரண்டு பக்கத்திலிருந்தும் டைக்கை நோக்கி வந்ததுதான் உங்கள் தலைவலியின் வேர். டைக்கில் தொடங்கி இரண்டு பக்கமும் விலகிப் போயிருந்தால், அழுத்தம் ஏறாத ஆரம்ப நாள்களிலேயே அந்த இடம் காலியாகியிருக்கும். இப்போது அதைப் பேசிப் பயனில்லை, அடுத்த தளத்துக்கு 1,400-க்குக் கீழே இறங்கும்போது பேசலாம். இந்தத் தூணுக்கு மூன்று வழிதான் தெரிகிறது. விட்டுவிடலாம், தங்கம் போகும். துண்டு துண்டாக எடுக்கலாம். நான் எதிர்ப்பேன், ஒவ்வொரு துண்டுக்கும் ஆட்கள் அந்த ஒல்லியான மிச்சத்தின் அடியில் போய்த் துளை போட வேண்டும். மூன்றாவது, தூண் முழுவதற்கும் இப்போதே துளை போட்டு வைத்துக்கொண்டு, சுரங்கத்தைக் காலி செய்துவிட்டு ஒன்றோ இரண்டோ பெரிய பிளாஸ்டில் எடுப்பது, அதன் பிறகு தொலைவிலிருந்து மட்டும் லோடிங். இதில் பிளாஸ்டோடு சேர்ந்து ஃபால்ட்டும் வழுக்கக்கூடும், ஆனால் அப்போது கீழே யாரும் இருக்க மாட்டார்கள். நான் இதைத்தான் எழுதுவேன்.

அறிக்கையில் "அபாயம் குறைவு", "நடுத்தரம்" என்ற சொல்லே வேண்டாம். எந்தப் பெட்டி, எந்தக் காலம், எந்த எடுப்பு வரிசை, 2.0-க்கு மேல் வரும் வாய்ப்பு எத்தனையிலிருந்து எத்தனை என்று எழுதுங்கள். வரிசை மாறினால் எண் செல்லாது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள், பின்னிணைப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மாடலில் டைக்குக்குச் சுற்றுப்பாறையின் விறைப்பையே கொடுத்துவிடாதீர்கள். டோலரைட் பெரும்பாலும் கூடுதல் விறைப்பு, அதனால்தான் அழுத்தத்தை இழுத்துக்கொள்கிறது. தூணுக்குத் துளை போடத் தொடங்கும் முன் ஹேங்கிங்வால் பக்கம் (நாளத்துக்கு மேற்பக்கப் பாறையில்), டைக்குக்குக் கிழக்கே நீளமான போர்ஹோலில் இரண்டு மும்முக (மூன்று திசையிலும் அளக்கும்) ஜியோபோன்களைச் சிமெண்ட் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அந்த 35 மீட்டர் பிழை 15-க்கு இறங்கினால், ஃபால்ட் பெட்டியில் இருக்கும் 200-இல் எத்தனை உண்மையிலேயே ஃபால்ட்டைச் சேர்ந்தவை என்று இனி வருபவற்றை வைத்துச் சொல்ல முடியும்.